கியூபா பன்றிக்கறிக்கு கரண்டு குக்கர்: பிச்சுப் போடும் அளவுக்கு வேகுமா?

வேகவைப்பதில் இந்தக் குக்கருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கொடுக்கலாம். வறுப்பதில் பத்து கொடுத்தால் அதுவே அதிகம். கியூபா பாணிப் பன்றிக்கறிக்கு இரண்டும் வேண்டும். அதனால் இதை வாங்கிவிட்டு, பட்டனை அமுக்கினால் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று உட்கார்ந்திருந்தால் கிடைப்பது வெந்த கறிதான். கடைசிப் பத்து நிமிஷம் இரும்புத் தோசைக்கல்லுக்கு ஒதுக்கியே ஆகவேண்டும்.

இங்கே எடைபோடுவது 6 லிட்டர், 1000 வாட் வகைக் கரண்டு பிரஷர் குக்கரை. உள்ளே எவர்சில்வர் பானை, மூடிக்கடியில் சிலிக்கான் வளையம், மேலே ஆவி விடும் கைப்பிடி, அதன் பக்கத்தில் அழுத்தம் ஏறியதும் எழும்பி நிற்கும் சின்ன ஊசி. வெளியே ஒட்டியிருக்கும் பெயர் எதுவானாலும் உள்ளமைப்பு ஏறக்குறைய இதுதான். 3 லிட்டர் மாடலில் முக்கால் கிலோ கறிக்கு மேல் போட்டால் நெருக்கடி. பானையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது என்பதால் 6 லிட்டரிலும் இரண்டரை கிலோதான் எல்லை.

முதலில் பலகாரத்தைப் பற்றி. கியூபாவில் டிசம்பர் 24 இரவு முழுப் பன்றியைத் தீயில் வாட்டுவார்கள். அதில் ஊறவைக்கவும் மேலே ஊற்றவும் சேரும் சாறுதான் ‘மோஹோ’. பூண்டு, சீரகம், ஓரிகானோ, மிளகு, புளிப்பு ஆரஞ்சுச் சாறு, சூடான கொழுப்பு, அவ்வளவுதான் சமாச்சாரம். முழுப்பன்றிக்கு இடமில்லாத வீட்டில் முன்னங்கால் சப்பையைப் பஞ்சாக வேகவைத்து, நார்நாராகப் பிய்த்து, அதே மோஹோவில் புரட்டுவதுதான் இங்கே சொல்லப்போவது. நம் ஊரில் பிச்சுப் போட்ட கோழி சாப்பிட்டவர்களுக்கு இந்த வடிவம் புதிதில்லை. ஆனால் மிளகாய் கிடையாது, மஞ்சள் கிடையாது, இஞ்சி கிடையாது. இதைப் படித்தவுடன் அஞ்சு வத்தலைக் கிள்ளிப்போடத் திருநெல்வேலிக் கை துறுதுறுக்கும். போட்டால் அதுவும் நல்ல கறிதான், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கறிக்கடையில்தான் பாதி வெற்றி. நம் கடைகளில் பன்றிக்கறி என்றால் கேட்காமலே சின்னத் துண்டாக வெட்டித்தான் கட்டுவார்கள். சின்னத் துண்டு வெந்தால் நார் நீளமாக வராது, துருவல் மாதிரி உதிரும். கத்தி விழுவதற்கு முன்பே, “அண்ணாச்சி, முன்சப்பையில ஒன்றரைக் கிலோ, எலும்ப மட்டும் எடுத்திருங்க, துண்டு போட வேண்டாம்” என்று சொல்லிவிட வேண்டும். ஞாயிறு காலையில் கூட்டம் ஏறிவிட்டால் இந்தப் பேச்சு எடுபடாது, சீக்கிரம் போய்விடுங்கள். பின்னந்தொடை வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கொழுப்பும் சவ்வும் குறைவு, வெந்தால் வறட்டுத்தனமாகப் போகும். முன்சப்பையில் தசைக்கு நடுவே ஓடும் வெள்ளைச் சவ்வுதான் உருகி, பிசுபிசுவென்று நாரைப் பிடித்துக்கொள்ளும். இறைச்சியில் அரிசிமணி போல வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் அந்தக் கறியைத் தொடவே வேண்டாம், அது நாடாப்புழுவின் கூடு. தோலோடு கொழுப்பு கால் கிலோ தனியாகக் கேட்டு வாங்குங்கள், அதற்கு வேலை இருக்கிறது.

வீட்டில் அந்த ஒன்றரைக் கிலோவை நான்கு துண்டாக மட்டும் போடவும். உள்ளங்கை அளவு இருந்தால் போதும். 20 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய டீஸ்பூனில் மூன்றரை. வறுத்து ஒன்றிரண்டாக இடித்த சீரகம் இரண்டு டீஸ்பூன், மிளகு ஒரு டீஸ்பூன், நசுக்கிய பூண்டு 15 பல். தடவி, மூடி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில். புளிப்புச் சாற்றை இப்போது ஊற்றக்கூடாது. ராத்திரி முழுக்கப் புளிப்பில் கிடந்தால் மேல்சதை மாவு மாதிரி குழைந்து, பிய்க்கும்போது நார் நிற்காது. சாற்றில் ஊறியே ஆகவேண்டும் என்பவர்கள் மூன்று மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

புளிப்பு ஆரஞ்சு இங்கே எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டாம். ஊறுகாய் போடும் கிடாரங்காயின் சாறு அந்தச் சுவைக்கு நெருங்கி வரும், புளிப்போடு மெல்லிய கசப்பும் இருக்கும். அது இல்லாத மாதங்களில் கமலா ஆரஞ்சு இரண்டு பங்கு, எலுமிச்சை ஒரு பங்கு. புளியங்குடி எலுமிச்சை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது பாட்டில் சாறு வாங்குவது பாவம். ஒன்றரைக் கிலோவுக்கு மொத்தம் 240 மில்லி சாறு தேவை: கமலா 160, எலுமிச்சை 80. பழத்தைக் கையால் பிழியுங்கள். மிக்ஸியில் போட்டு வடிகட்டினால் கொட்டையும் வெள்ளைத் தோலும் அரைபட்டு, குக்கர் சூட்டில் கசப்பு நாக்கைப் பிடிக்கும்.

ஓரிகானோவுக்குப் பதில் என்ன என்று கேட்பவர்கள் கொல்லைப்பக்கம் போய்ப் பார்க்கலாம். சளிக்குச் சாறு பிழியும் கற்பூரவல்லிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே ‘கியூபன் ஓரிகானோ’. பீட்சாவோடு வரும் காய்ந்த ஓரிகானோ வேறு செடி, ஆனாலும் வாசனையில் இரண்டும் உறவு. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. கற்பூரவல்லியைக் குக்கருக்குள் போட்டு ஐம்பது நிமிஷம் வேகவைத்தால் கறியில் கஷாய வாடை ஏறிவிடும். நான்கு இலையைப் பொடியாக நறுக்கிக் கடைசியில், அடுப்பை அணைத்தபின் சேருங்கள். காய்ந்த ஓரிகானோ என்றால் ஒரு டீஸ்பூன் குக்கருக்குள்ளேயே போகலாம். பிரிஞ்சி இலையிலும் இதே கதைதான். அவர்கள் போடும் இலை வேறு மரம், நம் பிரிஞ்சி இலையில் பட்டை வாசனை தூக்கலாக இருக்கும். ஒன்று போதும், இரண்டு போட்டால் பிரியாணி ஞாபகம் வந்துவிடும்.

இனிக் குக்கர். அடுப்பில் வைக்கும் விசில் குக்கரின் வெயிட், சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 15 பவுண்டு அழுத்தத்தில் தூக்கும், உள்ளே 120 டிகிரி. கரண்டு குக்கர் பெரும்பாலும் 10 முதல் 12 பவுண்டோடு நின்றுவிடும், உள்ளே 115 டிகிரியைச் சுற்றி. இந்த வித்தியாசம் தெரியாமல் விசில் குக்கர் கணக்கை அப்படியே வைத்தால் கறி ரப்பர் மாதிரி இருக்கும். ஐந்தில் ஒரு பங்கு நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

‘சாட்டே’ பட்டனில் கறியைச் சிவக்க வைக்கலாம் என்று கையேட்டில் போட்டிருக்கும். முடியும், ஆனால் பொறுமை வேண்டும். பல மாடல்களில் பானையின் அடி நடுவில் லேசாக மேடாக இருக்கும். இரண்டு கரண்டி எண்ணெய் ஊற்றிப் பாருங்கள், எண்ணெய் முழுக்க ஓரத்தில் வளையமாகப் போய் நிற்கும், நடுவில் காய்ந்த வட்டம். கறி ஓரத்தில் பொரியும், நடுவில் ஒட்டும். நான்கு துண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் தண்ணீர் விட்டு அவியத் தொடங்கும். கடைசியில் தோசைக்கல் வரத்தான் போகிறது என்பதால் இந்தப் படியைத் தாராளமாக விட்டுவிடலாம், சுவையில் பெரிய நஷ்டமில்லை. சிவக்க வைத்தே தீருவேன் என்றால் இரண்டிரண்டு துண்டாக, ஒரு பக்கம் நான்கு நிமிஷம். பிறகு பானை அடியில் ஒட்டிய பழுப்பை 180 மில்லி தண்ணீர் ஊற்றி மரக்கரண்டியால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுங்கள். சுரண்டாமல் மூடினால் பத்தாவது நிமிஷம் திரையில் ‘பர்ன்’ என்று வந்து சூடு நின்றுவிடும். மெஷின் கெட்டுவிட்டது என்று இதற்காகக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. அடி பிடித்தால் அடியிலிருக்கும் சென்சார் சூட்டை நிறுத்தும், அதன் வேலை அதுதான்.

அடியில் பெரிய வெங்காயம் ஒன்றைத் தடித்த வட்டமாக அடுக்கி, அதன்மேல் கறி. 120 மில்லி சாறும், முன்சொன்ன 180 மில்லி தண்ணீரும். பார்க்கக் கொஞ்சமாகத் தெரியும், கையைக் கட்டிக்கொள்ளுங்கள். இந்தக் குக்கரில் ஆவி வெளியே போவது மிகக் குறைவு. போட்ட 300 மில்லி, கறி விடும் நீரும் கொழுப்பும் சேர்ந்து முக்கால் லிட்டரை எட்டும். விசில் குக்கர் பழக்கத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்குக் கிடைப்பது பன்றி சூப். புளிப்புச் சாறு விஷயத்தில் கரண்டு குக்கருக்கு ஒரு நல்ல மதிப்பெண்ணும் உண்டு: எவர்சில்வர் பானை புளிப்புக்கு மசியாது. அலுமினியக் குக்கரில் இதே சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்க விட்டால் உலோக வாடை வரும்.

நேரம்: உள்ளங்கைத் துண்டு நான்கு என்றால் உயர் அழுத்தத்தில் 50 நிமிஷம். ஒன்றரைக் கிலோவையும் ஒரே கட்டியாகப் போட்டால் 85. கறுத்த நாட்டுப்பன்றிக் கறி என்றால் துண்டுக்கும் 60 வையுங்கள். நேரம் முடிந்ததும் ஆவிக் கைப்பிடியைத் தட்டிவிடாதீர்கள். இங்கேதான் நிறையப் பேர் கறியைக் கெடுக்கிறார்கள். அழுத்தம் சட்டென்று இறங்கினால் கறிக்குள் இருக்கும் நீர் அங்கேயே கொதித்து வெளியே பாயும், நார் வறண்டு போகும், கூடவே கொழுப்புத் துளிகள் ஆவியோடு சேர்ந்து அலமாரியில் தெறிக்கும். சும்மா விட்டால் 20, 25 நிமிஷத்தில் ஊசி தானாக ‘டக்’ என்று விழும். அதுவரை மூடியும் திறக்காது.

வெந்ததற்கு அடையாளம் கடிகாரமில்லை. முள்கரண்டியைத் துண்டின் நடுவில் குத்தி லேசாகத் திருகுங்கள். அழுத்தாமலே நார் இரண்டாகப் பிரிந்து சாய வேண்டும். கரண்டி நின்று, துண்டு முழுசாகத் திரும்பினால் உள்ளே சவ்வு இன்னும் உருகவில்லை, இன்னும் 12 நிமிஷம் அழுத்தத்தில் வையுங்கள். கறி முதலில் இறுகித்தான் பிறகு இளகும். அதனால் பாதியில் திறந்து பார்த்து, ஐயோ இறுகிவிட்டதே என்று நேரத்தைக் குறைப்பது நேர்த் தவறு.

பிய்ப்பதற்கு முன் பத்து நிமிஷம் ஆறவிட்டு, கையால், விரல் பருமனுக்குப் பிய்த்தால் போதும். நூல் நூலாகப் பிய்த்தால் தோசைக்கல்லில் கருகி முள்ளாகும். ஒன்றரைக் கிலோ, பிய்த்தபின் 900 கிராம் முதல் ஒரு கிலோ வரை நிற்கும். ஆறு பேருக்குத் தாராளம். பானையில் இருக்கும் சாற்றின் மேல் மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்து வைத்துவிட்டு, மீதியை வாய் அகன்ற ஏனத்தில் பாதியாகச் சுண்டவிடுங்கள்.

கியூபா உள்ளே நுழைவது இதற்குப் பிறகுதான். வாங்கிவந்த கால் கிலோ கொழுப்பைப் பொடியாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீரோடு சிறுதீயில் உருக்கினால் தெளிந்த பன்றிநெய் கிடைக்கும். இன்னொரு 10 பல் பூண்டை அரை டீஸ்பூன் உப்போடு சின்ன உரலில் இடியுங்கள். மிக்ஸியில் விழுதாக அரைத்தால் காரநெடி ஏறும், ஒன்றிரண்டாக இருப்பதே சரி. மூன்று மேசைக்கரண்டி நெய்யைக் காயவைத்து அணைத்து, அந்தப் பூண்டின்மேல் ஊற்ற வேண்டும். சுர்ர் என்று பொங்கி, வாசனை பச்சையிலிருந்து மாறும் நேரம் அரை நிமிஷம். பிறகு மீதி 120 மில்லி சாறு. தெறிக்கும், கொஞ்சம் விலகி நில்லுங்கள். கடைசியில் கற்பூரவல்லி. சாற்றைப் பாதி உள்ளே, பாதி வெளியே என்று பிரித்ததற்குக் காரணம் இதுதான். குக்கருக்குள் போன சாறு கறிக்குப் புளிப்பைக் கொடுக்கும், ஆனால் பழவாசனை அங்கேயே செத்துவிடும். அந்த வாசனை இந்தப் பச்சைப் பாதியிலிருந்துதான் திரும்பி வரும். மொத்தச் சாற்றையும் உள்ளே கொட்டிச் சமைத்துவிட்டு, ‘ருசி மொட்டையாக இருக்கிறது’ என்று குக்கரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இரும்புத் தோசைக்கல் புகையும் அளவு காயட்டும். ஒரு கரண்டி பன்றிநெய், அதன்மேல் 300 கிராம் கறி, ஒற்றை அடுக்காக. மூன்று நிமிஷம் கிண்டாதீர்கள். அடிப்பக்கம் தேன் நிறத்தில் ஒட்டிக்கொண்டு ஓரம் மொறுமொறுப்பானதும் சுண்டிய சாறு இரண்டு கரண்டி தெளித்து, ஒரே ஒரு முறை புரட்டி, நிமிஷத்தில் இறக்கிவிடுங்கள். ஒரு கிலோவையும் ஒரே தடவையில் கொட்டினால் மறுபடியும் அவியல்தான். இறக்கியபின் மோஹோவை மேலே ஊற்றிப் புரட்டவும். நான்-ஸ்டிக் கல்லில் இது வராது. சூடான காற்றை வீசி மொறுமொறுப்பாக்கும் மூடியும் கூடையும் சேர்ந்த கரண்டு குக்கர்களும் சந்தையில் உண்டு. கூடையில் ஒற்றை அடுக்குக்கு இடம் கம்மி, மேல்நார் மட்டும் காய்ந்து அடிநார் ஈரமாகவே இருக்கும். அந்த மூடிக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

நம் ஊர் நிலவரத்தில் இந்த மெஷின் எப்படி என்பது தனிக் கேள்வி. ஊர்ப்புறத்தில் சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்கும்போது 1000 வாட் ஹீட்டர் 610 வாட்தான் தரும். அழுத்தம் ஏற 15 நிமிஷம் ஆவது அரை மணியை நெருங்கும். ஆனால் 50 நிமிஷக் கணக்கு அழுத்தம் ஏறியபின்தான் ஓடத் தொடங்கும் என்பதால் கறி வேகாமல் போகாது, சாப்பாடு மட்டும் தள்ளிப்போகும். விசில் எண்ணுகிறவர்களுக்கு இல்லாத வசதி இது. கரண்டு போய்விட்டால்தான் சிக்கல். பழைய நேரத்தை நினைவு வைத்துத் தொடரும் மாடலும் உண்டு, திரும்பவும் பச்சைக்குழந்தை மாதிரி விழிக்கும் மாடலும் உண்டு. வாங்கும்போது கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிச் செருகிச் சோதித்துவிடுங்கள். நினைவில்லாத மாடலில் சமைக்கும்போது தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, மீதி நேரத்தைக் கையால் போடலாம். கரண்டு திரும்புகிற மாதிரித் தெரியவில்லை என்றால் ஊசி விழும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் விசில் குக்கருக்கு மாற்றிவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் இந்தச் சமையலே வேண்டாம். இழுப்பது நாலே முக்கால் ஆம்பியருக்குள் என்றாலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாமல் சுவர்ப் பாயிண்டில் மாட்டுங்கள்.

‘டிலே ஸ்டார்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். காலையில் கறியைப் போட்டுவிட்டு மத்தியானம் தானாகத் தொடங்கட்டும் என்று வைப்பதற்கு. நம் சித்திரை வெயிலில் பச்சைக்கறியை நான்கு மணி நேரம் மூடிக்குள் வைப்பது எப்படி முடியும் என்று சொல்லத் தேவையில்லை. கறிக்கு அந்தப் பட்டன் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அழுத்தம் ஏறாமல் ஊசியைச் சுற்றி ஆவி சீறிக்கொண்டே இருந்தால் முக்கால்வாசி நேரம் காரணம் கொழுப்புதான். முந்தின தடவையின் பன்றிக்கொழுப்பு உறைந்து ஊசியைப் பிடித்திருக்கும். மூடியைத் திருப்பினால் ஊசியின் அடியில் சுண்டுவிரல் நகம் அளவு சிலிக்கான் தொப்பி தெரியும். அதைக் கழற்றி ஊசியை உருவி, வெந்நீரில் சோப்போடு கழுவி மாட்டினால் சரியாகிவிடும். அந்தத் தொப்பி அங்கணத்துக்குள் ஓடிவிட்டால் குக்கர் முழுசும் வெறும் பானைதான், கிண்ணத்தில் வைத்துக் கழுவுங்கள்.

பெரிய குறை சிலிக்கான் வளையம். ஒரே ஒரு தடவை பூண்டும் சீரகமும் பன்றியும் வெந்தால் போதும், அந்த வாடை வளையத்துக்குள் குடியேறிவிடும். எலுமிச்சைத் தோல், வினிகர், அரைநாள் வெயில் எல்லாம் பாதிதான் எடுக்கும். அதே வளையத்தோடு பாசிப்பருப்புப் பாயசம் வைத்தால் வீட்டில் சண்டை நிச்சயம். கறிக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று என இரண்டு வளையம் வேண்டும். வீட்டில் பன்றி சாப்பிடாதவர்கள் இருந்தால் பானையும் தனி வாங்குவதே மரியாதை.

தொட்டுக்கொள்ள மெனக்கெட வேண்டாம். மரச்சீனிக் கிழங்கை உப்புப் போட்டு அவித்து, தண்ணீரை வடித்து, மேலே மோஹோ ஊற்றினால் அதுவே கியூபாவில் பன்றிக்கறியோடு வைக்கும் பக்கப் பலகாரம். கிழங்கை அடுப்பில் தனியாக அவியுங்கள், கறியோடு 50 நிமிஷம் கிடந்தால் களியாகிவிடும். தோல் கறுத்த நேந்திரம்பழத்தைச் சாய்வாக நறுக்கிப் பொரித்தது இன்னொன்று. சோறு நன்றாகச் சேரும். பரோட்டாவுக்கும் சேரும், சுண்டிய சாறு சால்னா வேலையைப் பார்த்துக்கொள்ளும். கியூபாக்காரர் பார்த்தால் முகம் சுளிக்கலாம், நமக்கென்ன.

வாங்கலாமா? வீட்டில் நல்ல 5 லிட்டர் எவர்சில்வர் விசில் குக்கர் இருந்து, பக்கத்தில் நிற்க ஆளும் இருந்தால் இதற்காக மட்டும் வாங்க வேண்டாம். முதல் விசிலுக்குப்பின் சிறுதீயில் 40 நிமிஷம் வைத்தால் அதே பதம் வரும். என்ன, அதில் ஆவி கொஞ்சம் கூடவே போகும், தண்ணீர் அரை லிட்டர் ஊற்ற வேண்டும். கரண்டு குக்கர் விலை அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. அதற்குக் கிடைப்பது மூன்று: அடுப்பு காலியாக இருக்கும், விசில் எண்ண வேண்டாம், கறி வேகும்போது கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போய்விட்டு வரலாம். மின்சாரம் ஒரு தடவைக்கு முக்கால் யூனிட்டைத் தாண்டாது. மாதம் இரண்டு தடவையாவது கறி, கொண்டைக்கடலை, எலும்பு சூப் என்று ஓடுகிற வீட்டுக்கு லாபம். வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு மட்டும் என்றால் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்குவதாக இருந்தால் பில் போடும்போதே இரண்டாவது வளையத்தையும் அந்த ஊசித் தொப்பியையும் கேளுங்கள். உதிரிபாகம் இல்லை என்று கடைக்காரர் கையை விரித்தால், அந்த மாடலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.